பொறுமை முன்னாடியே இருந்தது

அத்தையின் பணி நிறைவு விழாவில் தலைமை ஆசிரியர் பேசியது இத்தனை வருஷம் கழித்தும் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிவு செய்துவிட்டு, போஸ்டிங்குக்காக அத்தை காத்திருந்தது பதினெட்டு வருஷம். நடுவில் ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் டியூஷன். ஆர்டர் கையில் வந்தபோது வயது முப்பத்தொன்பது. தலைமை ஆசிரியர் அதையெல்லாம் சபைக்குச் சொல்லிவிட்டு, "ஆனா அதுவும் நல்லதுக்குத்தான். அவ்வளவு நாள் காத்திருந்ததாலதான் இப்படி ஒரு பொறுமையான டீச்சர் நமக்குக் கிடைச்சாங்க" என்றார். நல்ல கைதட்டல். அத்தையும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது, மாலையிலிருந்து மடியில் உதிர்ந்திருந்த சம்பங்கியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பொறுமை எனக்கு முன்னாடியே இருந்துச்சுப்பா" என்றார். அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை.

அன்றைக்கு அது எனக்கு அரைகுறையாகத்தான் உறைத்தது. முழுசாக உறைக்க, அத்தை பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு டெட்ராய்ட் பாடகி தேவைப்பட்டார். பெட்டி லவெட். அவருடைய 2007ஆம் வருஷத்து ஆல்பம் 'தி சீன் ஆஃப் தி க்ரைம்', அதாவது குற்றம் நடந்த இடம். அந்த ஆல்பத்தைப் பற்றி நான் பல பேரிடம் பல வருஷமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பும் தலைமை ஆசிரியர் சொன்ன அதே தப்புதான் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது 2009 ஜனவரியில். ஒபாமா பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னால், லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் நடந்த கச்சேரி. இரண்டு நிமிஷம் ஓடி ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டே நிற்கிற இணைய இணைப்பில் பார்த்தேன். ராக் பாடகர் ஜான் பான் ஜோவியோடு ஒரு பெண் மேடைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய முடி. பாடியது சாம் குக்கின் பாட்டு, காலம் மாறியே தீரும் என்கிற அந்தப் புகழ்பெற்ற பாட்டு. பான் ஜோவியின் குரல் கண்ணாடி மாதிரி சுத்தம். அந்தப் பெண்ணின் குரலோ தேங்காய் துருவும்போது வருகிற சத்தம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரியையும் பிடித்து இழுத்து, எங்கே விடப்போகிறார் என்று தெரியாமல் வைத்திருந்து, நாம் எதிர்பார்க்காத இடத்தில் விட்டார். பான் ஜோவி நல்லவர், ஒதுங்கி நின்றுகொண்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. அமெரிக்காவிலேயே பாதிப் பேர் அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இசைப் பைத்தியமான ஒரு நண்பர் ஒரு வாரத்துக்குள் பென் டிரைவில் ஆல்பத்தைக் கொடுத்தார். கூடவே கதையையும் கொடுத்தார். இந்த மாதிரி ஆல்பங்கள் எப்போதும் கதையோடுதான் வரும். வெற்றிலையோடு சுண்ணாம்பு மாதிரி. "அவ்வளவு அடி வாங்கினதாலதான் இந்தக் குரல் வந்துச்சு" என்பது நண்பர் போட்ட முத்திரை. நானும் அதை அப்படியே வாங்கி, கேட்பவருக்கெல்லாம் விநியோகித்தேன்.

குற்றம் நடந்த இடம்

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மேலே போக முடியாது. பெட்டி பிறந்தது 1946இல், மிச்சிகனில் மஸ்கீகன் என்ற ஊரில். வளர்ந்தது டெட்ராய்ட். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு வகை. சோல் பாடகி என்றால் சர்ச்சில் பாடி வளர்ந்தவர் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். இவர் அப்படியில்லை, அதை அவரே திரும்பத் திரும்பச் சொல்லுவார். இவருடைய பெற்றோர் வீட்டில் வைத்துச் சோளச் சாராயம் விற்றார்கள். கூடத்தில் ஒரு ஜூக் பாக்ஸ். ஊருக்குப் பாட வந்த சுவிசேஷப் பாடகர்களே மேடையிலிருந்து இறங்கித் தாகசாந்திக்கு அந்த வீட்டுக்குத்தான் வருவார்களாம். ஆக, சர்ச் இவரைத் தேடி வீட்டுக்கு வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1962இல், பதினாறு வயதில், முதல் இசைத்தட்டு. அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது, கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. 1965இல் 'லெட் மி டவுன் ஈஸி'. கைவிடுவதென்றால் கொஞ்சம் மெதுவாகக் கைவிடு என்று கெஞ்சுகிற பாட்டு. இன்றைக்கும் கச்சேரிகளில் அதைப் பாடாமல் அவரை இறங்க விடமாட்டார்கள். அப்புறம் சின்னச் சின்னக் கம்பெனிகள், சின்னச் சின்ன வெற்றிகள். 1972இல் அட்லாண்டிக்கின் கிளை நிறுவனமான அட்கோ ஒரு முழு ஆல்பம் போட அவரை அலபாமாவின் மஸில் ஷோல்ஸுக்கு அனுப்பியது. இசை கேட்பவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டென்னசி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். 1967இல் இதே டெட்ராய்ட்டிலிருந்து போன சோல் பாடகி அரீதா ஃபிராங்ளின் அங்கே ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோவில் பாடிய ஒரே ஒரு பாட்டில்தான் அவருடைய வாழ்க்கையே திரும்பியது. பெட்டிக்கும் அதே கம்பெனி, அதே ஆற்றங்கரை. வயது இருபத்தாறு. அரீதாவுக்கு வாசித்த பையன்களில் சிலர் அதற்குள் ரிக் ஹாலிடமிருந்து பிரிந்து பக்கத்திலேயே தனி ஸ்டுடியோ போட்டிருந்தார்கள். பெட்டி பாடியது அங்கே. ஆல்பத்தின் பெயர் 'சைல்ட் ஆஃப் தி செவென்டீஸ்'.

அந்த ஆல்பம் வெளிவரவேயில்லை. இரண்டு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டு, மட்டும் வந்தது. விளம்பரப் பயணத்துக்குத் தயாராக இருந்தவருக்கு, எல்லாம் ரத்து என்று ஒரு ஃபோன் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாகவும் சில நாள் வெளியே வரவில்லை என்றும் அவரே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். தன் ராசியைப் பிணந்தின்னிக் கழுகின் ராசி என்பார்: அதுக்குத் தானாக வேட்டையாடவும் தெரியாது, பசிக்கிற நேரத்தில் எதுவும் தானாகச் சாகவும் சாகாது.

அதன் பிறகு 2007இல் அவர் திரும்ப மஸில் ஷோல்ஸுக்கு வந்து பாடியதுதான் 'தி சீன் ஆஃப் தி க்ரைம்'. முப்பத்தைந்து வருஷம் கழித்து. தலைப்பு கிண்டலா கோபமா என்று யோசிக்க வேண்டியதில்லை, இரண்டும்தான். பதிவு இந்த முறை ஃபேம் ஸ்டுடியோவில். பின்னால் வாசித்தது டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற தெற்கத்தி ராக் குழு. அதன் தலைவர் பேட்டர்சன் ஹூட். அவருடைய அப்பா டேவிட் ஹூட்தான் 1972இல் அந்த வெளிவராத ஆல்பத்துக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். அந்த அப்பாவும் இந்த ஆல்பத்துக்கு வந்து வாசித்தார். கீபோர்டில் ஸ்பூனர் ஓல்டம். 1967இல் அரீதாவின் அந்தப் பாட்டைத் தொடங்கி வைக்கிற கீபோர்டு துணுக்கு அவருடைய விரலிலிருந்து வந்தது. இவ்வளவு பொருத்தத்தை ஒரு சினிமாவில் வைத்தால் ஓவர் என்று சொல்லிவிடுவோம்.

ஒலிப்பதிவு சுமுகமாக ஒன்றும் நடக்கவில்லை. ராக் குழுவுக்கு அவர்கள் பாணியில் ஒரு பாட்டைத் தேடித் தடவிக் கண்டுபிடிக்கிற பழக்கம். அந்தம்மாவுக்கோ ஐந்து நிமிஷத்தில் சுருதி சொல்லி, பத்தாவது நிமிஷம் பாடி முடித்துவிடுகிற பழக்கம். முட்டிக்கொண்டார்கள். அந்த உரசல் ஆல்பத்தில் கேட்கிறது, அதுதான் அதற்கு உப்பு. அவர் வாயால் பேசிப் பேசித் தள்ளிய விஷயங்களைப் பேட்டர்சன் ஹூட் சேர்த்துப் பாட்டாக்கியதுதான் 'பிஃபோர் தி மனி கேம்'. பணம் வருவதற்கு முன்னால் என்று தலைப்பு. பணம் வந்தபிறகு என்ன ஆயிற்று என்று நான் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. பாட்டின் தாளம் அப்படி, யோசிக்க விடாது. ஆல்பம் கிராமி பரிந்துரை வரைக்கும் போனது. விருது கிட்டார்க்காரர்கள் ஜே.ஜே. கேலும் எரிக் கிளாப்டனும் சேர்ந்து செய்த ஆல்பத்துக்குப் போயிற்று. கழுகு ராசி.

இதுவரை சொன்னது நண்பர் கொடுத்த கதைதான். நல்ல கதை. இழந்தவள் திரும்பி வந்தாள், இழந்த இடத்திலேயே வென்றாள். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின, நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் குரலின் ஒவ்வொரு கீறலையும் ஒவ்வொரு வருஷமாக எண்ணிக்கொண்டே கேட்டேன். இந்தக் கீறல் 1972, இது டெட்ராய்ட் கிளப்களில் பாதி காலி நாற்காலிகளுக்குப் பாடியது, இது 1982இல் மோட்டவுன் கம்பெனி ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு மறந்துபோனது. மரத்தை அறுத்து வளையம் எண்ணுவதுபோல.

1972ஆம் வருஷத்து டேப்

அந்த வெளிவராத ஆல்பம் அழிந்துபோகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜில் பெத்தார் என்ற பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் 1999 வாக்கில் அட்லாண்டிக்கின் கிடங்கிலிருந்து அதன் மூல டேப்பைத் தேடி எடுத்தார். உரிமம் வாங்கி 2000இல் 'சூவெனிர்ஸ்' என்ற பெயரில் தன் சின்ன நிறுவனத்தில் வெளியிட்டார். 2006இல் அமெரிக்காவிலேயே அசல் பெயரோடு மறுபடி வந்தது. பெட்டியின் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியதே அந்தப் பிரெஞ்சுக்காரரின் பிடிவாதத்தால்தான் என்று சொல்லலாம். இதெல்லாம் தெரிந்தும் நான் அதைக் கேட்கவேயில்லை. காரணம் அசட்டுத்தனமானது. ஒரு பெரிய கலைஞரின் இளமைக்கால முயற்சி, பக்குவப்படுவதற்கு முந்தையது, ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பழம் கையில் இருக்கும்போது காயை ஏன் கடிக்க வேண்டும்.

விழா முடிந்து ஓரிரு மாதம் இருக்கும். ராத்திரி பஸ்ஸில் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை. 2007 ஆல்பம் முடிந்ததும் ஃபோன் தானாகவே 1972க்குப் போயிற்று. முதலில் நான் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'யுவர் டர்ன் டு க்ரை', இப்போது அழுவது உன் முறை. பழிவாங்குகிற பாட்டு மாதிரி வார்த்தைகள். ஆனால் பாடுகிறவளுக்கு அந்தப் பழியில் ஒரு சந்தோஷமும் இல்லை, அவனுக்காகவும் சேர்ந்து அழுகிறாள். இறங்குகிற இடத்தில் குரல் உடைகிறது, உடைந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, அப்புறம் மேலே ஏறுகிறது. அந்தம்மா அறுபது வயதிலும் எப்படிப் பாடுகிறார் பார் என்று வழக்கம்போல மனதுக்குள் ஆரம்பித்துவிட்டேன். பஸ் ஒரு டோல்கேட்டில் நின்றது. வெளிச்சத்தில் ஃபோனைப் பார்த்தேன். 1972.

ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து கேட்டேன். குரல் இளசு, அது உண்மைதான். மேல் ஸ்தாயியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, மூச்சு நீளம். ஆனால் நான் எதையெல்லாம் வருஷங்கள் கொடுத்த பரிசு என்று எண்ணி வைத்திருந்தேனோ, அத்தனையும் அங்கே இருக்கிறது. வரியைத் தாளத்துக்குப் பின்னால் தள்ளிப் பிடிப்பது. அழ வேண்டிய இடத்தில் அழாமல் அடுத்த சொல்லில் அழுவது. கீறல்கூட இருக்கிறது, அது பிறவிக் கீறல்.

இன்னொன்றும் இருந்தது. 2005இல் அவர் முழுக்க முழுக்கப் பெண்கள் எழுதிய பாட்டுகளாக ஓர் ஆல்பம் பாடினார்: ஷினேட் ஓ'கானர், லூசிண்டா வில்லியம்ஸ், டாலி பார்ட்டன், ஃபியோனா ஆப்பிள் என்று. ஜோ ஹென்றியின் தயாரிப்பு. அப்புறம் பிரிட்டிஷ் ராக் பாட்டுகளாக ஒன்று, பாப் டிலன் பாட்டுகளாகவே ஒன்று. ராக், கன்ட்ரி பாட்டுகளை எடுத்துத் தோலை உரித்து சோல் பாட்டாக்குவது அவருடைய முதுமைக்கால பாணி, யாரோ ஒரு புத்திசாலித் தயாரிப்பாளரின் யோசனை என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். ஆனால் 1972 டேப்பில் ராக் பாடகர் நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' இருக்கிறது! அசல் பாட்டு அதே வருஷம்தான் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் ஒரு கறுப்பினப் பெண் அதைத் தூக்கி, கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக ஊர் ஊராகத் திரிகிற அந்தத் தனிமையைக் கழற்றி வீசிவிட்டு, தன் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அறுபது வயதில் அவருக்கு வந்ததாக நாம் கொண்டாடிய யோசனை இருபத்தாறு வயதிலேயே அவரிடம் இருந்தது. டேப்பில் பதிந்து, டப்பாவில் அடைத்து, சீட்டு ஒட்டி, கிடங்கில்.

இதை நம் ஊர்க் காது சுலபமாகப் புரிந்துகொள்ளும் என்பது என் எண்ணம். ராக் உலகத்தில் ஒருத்தர் தானே எழுதிப் பாடினால்தான் கலைஞர், அடுத்தவர் பாட்டைப் பாடினால் ஒரு படி கீழே. நமக்கோ தியாகராஜரின் கிருதியைப் பாடுகிறவரிடம் நீங்கள் எழுதியதா என்று கேட்கத் தோன்றாது. சங்கதியை எப்படிப் போட்டார், எந்த வரியை நிரவலுக்கு எடுத்தார் என்றுதான் கேட்போம். பெட்டி லவெட் செய்வது அந்த வேலைதான். தன்னைப் பாட்டெழுதுபவராக அவர் காட்டிக்கொண்டதில்லை, பாட்டுக்குப் பொருள் சொல்பவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

பஸ் திண்டிவனம் தாண்டும்போது, சம்பந்தமே இல்லாமல் அத்தையின் மடியிலிருந்த சம்பங்கி ஞாபகம் வந்தது. பொறுமை எனக்கு முன்னாடியே இருந்துச்சுப்பா.

கிழவனின் பாட்டு

இங்கேயே நிறுத்தியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். தவிப்பு கலையை உண்டாக்குவதில்லை, தள்ளிப்போட மட்டுமே செய்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் படுத்திருப்பேன். சில நாள் அப்படித்தான் திரிந்தேன். பழைய நண்பரைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது தப்பு என்று கொஞ்சம் வீறாப்பாகவே சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "சரி. அப்ப இருபத்தாறு வயசுல அந்த சோல்ஜர் பாட்டைப் பாடச் சொல்லு பாப்போம்" என்றார்.

அவர் சொன்னது 2007 ஆல்பத்தில் இருக்கிற 'டாக்கிங் ஓல்டு சோல்ஜர்ஸ்'. அசல் பாட்டு எல்டன் ஜானுடையது, 1970 ஆல்பத்தில் வந்தது. மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவன். கூட்டாளிகள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். ஊர் அவனைக் கிறுக்கன் என்கிறது. எப்போதாவது ஒருத்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறான். இதை எழுதிய பெர்னி டாப்பினுக்கு அப்போது இருபது வயதுதான். பாடிய எல்டன் ஜானுக்கு இருபத்துமூன்று. இரண்டு பையன்கள் முதுமையைக் கற்பனை செய்து எழுதிய பாட்டு அது. நன்றாகவே கற்பனை செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுத்தாடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டி அதைப் பாடும்போது வாத்தியங்கள் தள்ளி நிற்கின்றன. அவர் பாடுவதாகவே தெரியவில்லை, பேசுகிறார். சில சொற்களில் சுருதி பக்கத்தில்கூட இல்லை. வேண்டுமென்றேதானா, குரல் போய்விட்டதாலா என்று கண்டுபிடிக்க முடியாது. செத்துப்போன நண்பர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவர் நிறுத்துகிற நிறுத்தலில், நிஜமாகவே யாரையோ எண்ணிக்கொள்கிறார் என்று தோன்றும். எண்ணுவதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. பதினாறு வயதில் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் அவர், ஓட்டிஸ் யாரென்று உலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால். ஓட்டிஸ் 1967இல் விமான விபத்தில் போனார், இருபத்தாறு வயதில். இந்தப் பாட்டை 1972 டேப்பில் இருக்கிற பெண்ணால் பாடியிருக்க முடியாது. அழகாகப் பாடியிருப்பாள். இப்படிப் பாடியிருக்க மாட்டாள். நண்பர் சொன்னது சரி.

அப்போ என்னதான் சொல்வது? இந்த இடத்தில் நான் மாதக் கணக்காக மாட்டிக்கொண்டு நின்றேன். இறுதியில் கண்டுகொண்டது மிகச் சின்ன விஷயம். நானும் நண்பரும் தலைமை ஆசிரியரும் இரண்டு தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தோம். வயது ஒன்று. அது எல்லோருக்கும் வரும், வரும்போது கையில் எதையாவது கொண்டுவரும். அந்த ஆல்பம் 1972இல் வெளிவந்து ஓஹோவென்று ஓடியிருந்தாலும் பெட்டி லவெட்டுக்கு 2007இல் அறுபத்தோரு வயதுதான் ஆகியிருக்கும். நண்பர்கள் செத்துத்தான் இருப்பார்கள். கிழவனின் பாட்டைப் பாடத்தான் செய்திருப்பார். இன்னொன்று அந்த ஃபோன். டிக்கெட்டை ரத்து செய்த அந்த ஒரு ஃபோனிலிருந்து எந்தக் குரலும் யாருக்கும் வரவில்லை.

நடுவில் உள்ள முப்பது வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜிம் லூயிஸ் என்று டெட்ராய்ட்டில் ஒரு மேனேஜர் இருந்தார், பழைய பிக் பேண்ட் காலத்து, அதாவது பெரிய ஜாஸ் குழுக்களின் காலத்து, டிராம்போன் வாசிப்பாளர். நீ ஸ்டார் ஆகாமலே போகலாம், ஆனால் நிறையப் பாட்டுத் தெரிந்து வைத்திருந்தால் சாகும்வரை உனக்கு வேலை இருக்கும் என்று அவர்தான் இவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கண்டிப்பான வாத்தியாரிடம் அவர் பழைய பாட்டுகளை எல்லாம் படித்தார். 'பப்ளிங் பிரவுன் சுகர்' என்ற இசை நாடகத்தில் பழைய ஜாஸ் பாடகர் கேப் காலோவேயோடு வருஷக் கணக்கில் ஊர் ஊராகப் போனார். ஓட்டல் கூடங்களில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடமெல்லாம் 2007 ஆல்பத்தில் இருக்கிறது. ஆனால் அது உழைப்பு. வாத்தியார் சொல்லிக் கொடுத்தது, அவர் படித்தது. அந்த உழைப்பின் கணக்கை எடுத்து, ஆல்பத்தை நிறுத்திய கம்பெனியின் பெயரில் வரவு வைத்தது நாம்தான். திண்ணையில் அத்தை நடத்திய டியூஷனை, ஆர்டரைத் தாமதப்படுத்திய அலுவலகத்தின் சாதனையாகச் சொன்னதுபோல.

இப்படிச் சொல்வது நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தேன். கேட்கிறவருக்கு வசதி. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, பாக்கி தீர்ந்த மாதிரி எழுந்து போய்விடலாம். பட்டவரேகூட அதைச் சொல்லிக்கொள்வார், ராத்திரி தூங்க வேண்டுமே. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டி லவெட் அதைச் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. 2012இல் எழுதிய சுயசரிதையிலும் சரி, பேட்டிகளிலும் சரி, யாரையும் மன்னித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி, மற்றவர்களுக்கு வசவு. வசவும் நல்ல வளமான வசவு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்கு அந்த சோல்ஜர் பாட்டைப் போட்டுக் காட்டினேன். எழுபதை நெருங்கிவிட்டார். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளக் கூச்சம், ஃபோனையே காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு ஆங்கிலம், அதுவும் அந்த ஆங்கிலம், ஒரு சொல்லும் பிடிபட்டிருக்காது. "என்ன, ஒப்பாரி மாதிரி இருக்கு" என்றார். ஒப்பாரிதான் என்றேன். முழுசும் கேட்டார். கதையைச் சொன்னேன்: பதினாறு வயது, 1972, ஃபோன், மேசைக்கு அடியில், பிரெஞ்சுக்காரர், முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே ஊர், அப்புறம் ஒபாமா. அத்தை முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒபாமா வந்ததும் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

அத்தைக்கு வருகிற பென்ஷன் முழு பென்ஷன் இல்லை. முழுசுக்கு வேண்டிய வருஷம் அவருடைய சர்வீஸில் தேறவில்லை. அதை அவர் யாரிடமும் புலம்பி நான் கேட்டதில்லை. மாதா மாதம் பாஸ்புக்கை வரவு போட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை பார்ப்பார், மடித்து வைப்பார்.

"அதெல்லாம் சரி, அந்த முப்பது வருஷத்துக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னது அத்தை?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அரியர்ஸ் குடுத்தாங்களா அந்தம்மாவுக்கு?"